மாடி அறை காட்டுவதற்கில்லை

"அனுபவம் தேவையில்லை, பேசத் தெரிந்தால் போதும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வீடு விற்றுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தின் விளம்பரம் அது. கண்டுபிடித்துக் காட்டியவன் அவள் புருஷன்தான். "பேசறதுக்குக் காசு குடுக்கறாங்களாம். பதினாலு வருஷமா எனக்கு ஓசியில பேசிட்டிருக்கியே, போய்க் கேட்டுத்தான் பாரேன்" என்றான். வெகுநாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிக்கும்படி வேறு எதுவும் நடந்திருக்கவில்லை. அவன் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அச்சகத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் இழுத்து மூடிவிட்டார்கள். கையில் கொடுத்தனுப்பிய பணம் நாலு மாதம் தாங்கியது. பிறகு ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கப் போனான். அங்கே வேலை வாரத்தில் மூன்று நாள் இருந்தது, இடுப்புவலி ஏழு நாளும் இருந்தது. டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒன்றரை அறையில் குடியிருந்தார்கள். அந்த அரை என்பது அடுப்படி. பன்னிரண்டு வயது மகள் அங்கேதான், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே உட்கார்ந்து படித்தாள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் அவள் எழுதுகிற எழுத்து ஆடும்.

அலுவலகத்து முதலாளி அவளைவிடப் பத்து வயது சின்னவள். இரண்டு கைபேசி வைத்திருந்தாள், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவாள், நடுவில் எதிரே இருப்பவரிடமும் பேசுவாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சம்பளம் கிடையாதுக்கா. பஸ் காசு தருவேன். ஒரு வீடு முடிஞ்சா கமிஷன். மூணு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள ஒண்ணாவது முடிக்கலன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடணும், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றாள் அவள். கோவித்துக்கொள்ளும் வசதியெல்லாம் அவளிடம் அப்போது இல்லை.

சுவரில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வீட்டின் சாவி. நல்ல வீடுகளையெல்லாம் பழைய ஆட்கள் வைத்திருந்தார்கள். இவளுக்கு வந்தது பதினேழாம் நம்பர். அலுவலகத்தில் இவளுக்குப் புது அக்கா என்று பெயர் வைத்தார்கள். முதல் வீட்டை முடிக்கும்வரை அங்கே யாராக இருந்தாலும் புதுசுதான். பத்து நாளானாலும் புதுசு, மூன்று மாதம் ஆனாலும் புதுசு.

வீடு காட்டுவதற்கு ஒரு முறை உண்டு என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அந்தத் தொழிலில் பார்ட்டி என்று பெயர். பார்ட்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விட வேண்டும். ஜன்னலையெல்லாம் திறந்து, அடைந்து கிடக்கும் வாடையை வெளியே அனுப்ப வேண்டும். குழாயைத் திறந்து, செம்மண் நிறத்தில் வரும் தண்ணீர் தெளிகிறவரை ஓட விட வேண்டும். விளக்குகளை ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியைத் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சும்மா உட்காருகிற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. வந்த வம்பெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

பதினேழாம் நம்பர் வீடு, மேடாக ஏறும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. பெரிய வண்டி உள்ளே வந்தால் திரும்ப முடியாது. அதனாலேயே நெடுநாளாக விலை போகவில்லை. சொந்தக்காரர் எங்கோ தூரத்தில் இருந்தார். கீழே கூடம், அடுப்படி, ஒரு படுக்கையறை. கூடத்து மூலையிலிருந்து பதினொரு படி ஏறினால் மாடியில் ஒற்றை அறை. போனவர்கள் ஒரு கை ஒடிந்த நாற்காலியை விட்டுப் போயிருந்தார்கள். மற்றபடி காலி.

முதல் நாள் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக இறங்கி, கூடத்துத் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தது. காலை நீட்டி அதில் வைத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது. யார் கழுவுகிறார்கள் என்று யோசித்தாள். புருஷன்தான், வேறு யார். லீவு நாளில் அவன்தான் கழுவுவான். மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, மகள் படிக்க உட்காருகிறாள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ அந்த வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். பிறகு பார்ட்டி வந்து கதவைத் தட்டியது. வீடு சட்டென்று காலியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அதைச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். "நம்ம வீட்டுல இன்னைக்கு நல்ல வெயில்" என்றாள்.

"எந்த வீட்டுல?"

"மேட்டுத் தெரு வீட்டுல. நீங்க பாத்திரம் கழுவிட்டிருந்தீங்க."

அவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பசியில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்திருக்கலாம். பிறகு, "எல்லாத்தையும் கழுவினேனா, இல்ல கரி பிடிச்சதை உனக்கு வச்சிட்டேனா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து கிடங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "நம்ம வீட்டுல என்ன விசேஷம்?" என்பான். அவள் ஒன்று விடாமல் சொல்வாள். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், கிளையைக் கையால் தொடலாம். குளியலறைக் குழாய் திறந்ததும் ஒரு தரம் இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடும். கூடத்தில் ஒரு பல்லி இருக்கிறது, ஆள் வந்தால் ஜன்னல் கதவுக்குப் பின்னால் போய்விடும். படிக்கட்டுக்குக் கீழே இருந்த இடத்தைத் தன் கருவிப்பெட்டிக்கு வேண்டும் என்றான் புருஷன். அங்கே செருப்பு அலமாரி வரப்போகிறது என்றாள் அவள். அதற்காக இரண்டு நாள் சரியான சண்டை. வாடகை பாக்கிக்காகக்கூட அவர்கள் அப்படிச் சண்டை போட்டதில்லை.

மாடி அறையை மகள் கேட்டாள். கேட்டாள் என்ன, எடுத்துக்கொண்டாள். "அந்த ரூம் எனக்குத்தான். ஜன்னல் எப்படி இருக்கும்மா?"

"மர ஜன்னல். மழையில ஊதிப்போய் இறுகியிருக்கு. நேராத் தள்ளினா வராது. முதல்ல கொஞ்சம் மேல தூக்கணும், அப்புறம் தள்ளணும். அப்போ சத்தமே இல்லாமத் திறக்கும்."

மகள் அடுப்புக்கும் குடத்துக்கும் நடுவே உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, காற்றில் எதையோ கொஞ்சம் தூக்கி, வெளியே தள்ளினாள். "இப்படியா?"

"அப்படித்தான்."

அதற்கப்புறம் அவள் படிக்க உட்காரும்போதெல்லாம் முதலில் அந்த ஜன்னலைத் திறப்பாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்தால், திரும்பவும் கையை நீட்டிச் சாத்துவாள். சாத்தினால் சத்தம் கொஞ்சம் குறைகிறது என்று சத்தியம் செய்தாள்.

இப்படி மூன்று பேரும் அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். பகலில் அவள் ஒருத்தியாகப் போய் இருந்துவிட்டு வருவாள், சாயங்காலம் மற்ற இரண்டு பேரையும் கூட்டிப் போவாள். பார்ட்டி இல்லாத நாளிலும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். காற்றோட்டம் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்வாள். கொண்டுபோன சாப்பாட்டை அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். மதியம் மாடி அறையில் புடவைத் தலைப்பை விரித்துப் படுத்தால், தூக்கம் எங்கிருந்தோ வந்து அவளை மூடும். அவ்வளவு ஆழமான தூக்கத்தை அவள் தன் வீட்டில் தூங்கியே வருஷக்கணக்காகிறது. விழித்துப் பார்த்தால் உத்தரத்தில் மரத்தின் நிழல் ஆடிக்கொண்டிருக்கும். தான் யார், எந்த வீடு, எந்த வயசு என்பதெல்லாம் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவள் தூங்கினாள் என்று சொன்னாலும் தப்பில்லை. அதில் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை.

எல்லாம் சரி. வீட்டை விற்க வேண்டுமே.

பார்ட்டிகள் வரத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் ஒரு புதுமணத் தம்பதி. கீழே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்தப் பெண் படிக்கட்டைக் காட்டி, "மேல என்ன?" என்று கேட்டாள். நேற்றுச் சாயங்காலம்தான் மகள் அந்த அறைக்கு இளம்பச்சைச் சாயம் தேர்ந்தெடுத்திருந்தாள். புது அக்காவின் வாயிலிருந்து, அவளைக் கேட்காமலேயே, "மேல ஒரு சின்ன ரூம். அது காட்டறதுக்கில்ல" என்று வந்தது.

வந்த பிறகு அவளே திடுக்கிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பார்ட்டிக்குக் கட்டாயம் காட்டிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த பார்ட்டி வந்தபோது மாடிச் சாவி தொலைந்துவிட்டது என்றாள். அதற்கடுத்த பார்ட்டியிடம் படியில் பூச்சு வேலை நடக்கிறது என்றாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. மகள் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியாள் யாராவது கதவைத் தட்டினால் எந்தத் தாயும் என்ன செய்வாளோ அதைத்தான் அவளும் செய்தாள். குளிக்கிற மகள் அங்கே இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஒரு படுக்கையறை வீட்டை இரண்டு அறை விலைக்கு யார் வாங்குவார்கள்? பதினொரு பார்ட்டி வந்து, பதினொரு பார்ட்டியும் போய்விட்டார்கள்.

இதற்கு நடுவே மூன்றாவது மாதமும் வந்துவிட்டது. டயர் கடைக்கு மேலே இருந்த நிஜ வீட்டின் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. மூன்று மாதம் பொறுத்துக்கொண்டவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "முப்பதாம் தேதி வரைக்கும் பார்க்கறேம்மா. அதுக்கு மேல எனக்கும் வழியில்ல. வேற ஆள் கேட்டுட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

முப்பதாம் தேதி பணம் கட்டாவிட்டால் புருஷனின் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். மகள் பாதி வருஷத்தில் பள்ளிக்கூடத்தை விட வேண்டும். அந்த வீட்டு ஓரகத்தி நல்லவள்தான். தான் நல்லவள் என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவை எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவாள். அங்கே மூன்று பேருக்கும் கூடத்தில் ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலைக்கு நன்றி சொல்லியே ஆயுசு கழிந்துவிடும். அன்றிரவு சாப்பாட்டின்போது யாரும் மேட்டுத் தெரு வீட்டுக்குப் போகவில்லை.

இருபத்திரண்டாம் தேதி முதலாளி அவளைக் கூப்பிட்டாள். இரண்டு கைபேசியையும் கவிழ்த்து வைத்தாள். அப்படி அவள் வைத்து யாரும் பார்த்ததில்லை.

"புது அக்கா, உங்க பார்ட்டி நாலு பேருக்குப் போன் பண்ணினேன். ஏன் வேண்டாம்னாங்கன்னு கேட்டேன். மாடி ரூமை யாருமே பார்க்கலையாமே?"

அவள் பேசவில்லை. பேசத் தெரிந்தால் போதும் என்று வேலைக்கு எடுக்கப்பட்டவள்.

"ஒருத்தர் சாவி தொலைஞ்சதுன்றார். ஒருத்தர் பூச்சு வேலைன்றார். அந்த வீட்டுல நல்லா இருக்கறதே அந்த ரூம்தான். உள்ள எதாவது வச்சிருக்கீங்களா?"

"ஆமா மேடம்" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "என் பொண்ணை வச்சிருக்கேன்."

முதலாளி விழித்தாள். பிறகு, வெயிலிலிருந்து இளம்பச்சைச் சாயம்வரை அவள் உள்ளதை உள்ளபடி சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சாவிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் முதல்ல ஒரு வீடு இருந்துச்சு, எட்டாம் நம்பர்" என்று மட்டும் சொன்னாள். "உங்க மூணு மாசம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கு. நாளைக்கு ஒரு பார்ட்டி வராங்க. மாடியைத் திறங்க."

கைபேசிகளை நிமிர்த்தினாள். இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் வந்தவர்கள் ஓர் அப்பாவும் மகளும். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள், நின்றபடியே கண்ணை மூடி மூடித் திறந்தாள். அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புது அக்கா வணக்கம் சொன்னபோது, அவர் அவளுக்குப் பக்கத்திலிருந்த கதவைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. கண்ணுல நடுவுல இருக்கறது தெரியாது, ஓரத்துல இருக்கறதுதான் தெரியும். உங்க முகத்தைப் பார்க்கணும்னா நான் கதவைப் பார்க்கணும். வீட்டை நீங்கதான் வாயால காட்டணும்."

அவளும் காட்டினாள். "வாசப்படி கொஞ்சம் உயரம், பார்த்து வாங்க. இங்கேருந்து அடுப்படிக்குப் பதினாலு எட்டு, நடுவுல ஒண்ணும் தடுக்காது. இப்போ உங்க கால் மேல வெயில் படுதா? பத்து மணிக்கு இங்க வரும், பதினொண்ணரைக்கு அந்தச் சுவருக்குப் போயிடும். அதுக்கப்புறம் கூடம் குளிர்ச்சியா இருக்கும். குளிக்கற ரூம் குழாய் முதல்ல இருமும், பயந்துடாதீங்க. அடுப்படி ஜன்னல்ல கையை நீட்டினா மரத்தோட இலை கிடைக்கும். நீட்டிப் பாருங்க."

பெரியவர் கையை நீட்டினார். ஓர் இலை விரலில் பட்டது. அதைப் பறிக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ் படிக்கட்டின் அடியில் நின்று, "மேல?" என்று கேட்டாள்.

காட்டறதுக்கில்ல என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேலே மகள் இருந்தாள். நேற்றுச் சாயங்காலம்கூட இருந்தாள், அடுத்த வாரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு. மகளை எழுப்பி, புத்தகங்களை எடுக்கச் சொல்லி, படியிறக்கி, மேட்டுத் தெரு வழியே கீழே அனுப்ப வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப் போகக்கூட அவளால் முடியாது, பார்ட்டி பக்கத்தில் நிற்கிறது. புது அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வாங்க" என்று முன்னால் ஏறினாள்.

கதவைத் திறந்தாள். அறை காலியாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அதை அவள் காலியாகப் பார்த்தாள். நர்ஸ் உள்ளே போய் ஜன்னலைத் தள்ளினாள். அது வரவில்லை. புது அக்கா போய்த் திறந்து விட்டாள்.

"எனக்குப் பகல்லதான் தூக்கம்" என்றாள் நர்ஸ். "இதுவரைக்கும் பார்த்த வீடெல்லாம் பகல்ல எப்படி இருக்கும்னு கேட்டா யாருக்கும் தெரியல. அமைதியா இருக்கும் மேடம்னு சும்மா சொல்றாங்க."

"காலையில ஒன்பது வரைக்கும் தெருவுல பிள்ளைங்க போற சத்தம் இருக்கும். பத்தரைக்கு ஒரு தள்ளுவண்டி வரும், கத்திட்டுப் போயிடும். பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் இந்த மரம் மட்டும்தான் பேசும். தலையை இந்தப் பக்கம் வச்சுப் படுத்தா மூஞ்சியில வெளிச்சம் அடிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தூங்கியிருக்கேன்."

நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கமில்லாத இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் தலை வைத்தால் எப்படி இருக்கும் என்று சுவரோரமாகப் போய் நின்று பார்த்தாள்.

கீழே இறங்கி வந்தபோது பெரியவர் கை ஒடிந்த நாற்காலியில் உட்கார்ந்து வெயிலில் காலை நீட்டியிருந்தார்.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா வீட்டை" என்றார், கதவைப் பார்த்து. "இவ்வளவு பிரியமா இருக்கீங்களே, ஏன் காலி பண்றீங்க?"

நான் சொந்தக்காரி இல்லை, ஏஜென்ட் என்று சொல்லியிருக்க வேண்டும். தொழில் முறைப்படி அதுதான் சரி. அவள் வாயில் அது வரவில்லை.

"இன்னொரு வீட்டைக் காலி பண்ணாம இருக்கறதுக்காகத்தான் ஐயா" என்றாள்.

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "நான் ஏஜென்ட்தாங்க. இது என் வீடு இல்ல" என்றாள்.

"அப்போ இங்க குடியிருந்தது?"

"மூணு மாசம். பகல்ல மட்டும்."

பெரியவர் யோசித்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், இறங்கவேண்டிய இடம் வந்தும் உட்கார்ந்தே இருக்கிற ஆட்களைப் பார்த்திருப்பார். "சரி, அழாதீங்க" என்றார். "விலையில கொஞ்சம் குறையுமா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டுச் சொல்றேங்க" என்றாள்.

கொஞ்சம் குறைந்தது. இருபத்தெட்டாம் தேதி ஒப்பந்தம் எழுதி, அட்வான்ஸ் கைமாறியது. முதலாளி பாதிக் கமிஷனை அன்றைக்கே கொடுத்துவிட்டாள். மீதி பத்திரப்பதிவு முடிந்த பிறகு என்றாள். பலகையிலிருந்து பதினேழாம் நம்பர் சாவியை எடுத்து ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினாள். பலகையில் ஓர் ஆணி சும்மா நின்றது. "டீ குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள், புது என்று முன்னால் போடவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது.

டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த சொந்தக்காரர் பணத்தை எண்ணாமலே பைக்குள் வைத்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தால் அவருக்கும் யாரிடமோ கெடு இருந்திருக்கும் போலிருந்தது. அவள் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். புருஷன் வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்திருந்தான். பணம் கட்டியாகிவிட்டது என்று சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லது, ரொம்ப நல்லது" என்று இரண்டு தரம் சொன்னான். எப்படிக் கட்டினாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்கு அவன் கேட்கவில்லை.

மகள்தான் கேட்டாள். "நம்ம வீட்டுல இன்னைக்கு என்ன விசேஷம்மா?"

கீழே டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.

"நாம காலி பண்ணிட்டோம்மா" என்றாள் அவள். "வேற ஒரு அப்பாவும் பொண்ணும் வராங்க."

"படிக்கட்டுக்குக் கீழே என்ன வைக்கப் போறாங்களாம்?" என்று கேட்டான் புருஷன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அந்தப் பெரியவரோட பழைய டிரைவர் பெட்டி."

"அப்படின்னா சரி. பெட்டிதான் அங்க வரணும்னு அப்பவே சொன்னேன்."

"என் ரூம்?" என்றாள் மகள்.

அவள் சொன்னாள். நர்ஸைப் பற்றி, நைட் டியூட்டியைப் பற்றி, பகலில் தூங்க இடமில்லாமல் அந்தப் பெண் ஊரெல்லாம் வீடு பார்த்து அலைந்ததைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உதடு ஒரு தரம் கோணியது, சமாளித்துக்கொண்டாள்.

"ஜன்னல் எப்படித் திறக்கணும்னு அவங்களுக்குச் சொன்னியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லவில்லை. தானே போய்த் திறந்து விட்டுவிட்டாள், எப்படி என்று சொல்லவில்லை. வெயில், குழாய், தள்ளுவண்டி, தலை வைக்கும் பக்கம் என எல்லாவற்றையும் கொடுத்தவள், அந்த ஒன்றை மட்டும் தன்னை அறியாமல் முடிந்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"மறந்துட்டேன்" என்றாள்.

"பாவம்மா அவங்க. திறக்கவே வராதுன்னு நினைச்சு ஆணி அடிச்சுடப் போறாங்க. போன் பண்ணு."

அவள் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, பின்னால் ஏதோ வண்டி உறுமியது. மகள் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஜன்னலை நேராத் தள்ளக் கூடாது."

மறுமுனையில் யார் பேசுவது என்று கேட்டார்கள்.

"நான் மாடி ரூம்ல இருந்த பொண்ணு" என்றாள் மகள். பிறகு, மறுகையை அடுப்புக்கு மேலே உயர்த்தி, காற்றில் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொண்டே, எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.